பிடிச்சா மட்டும் போதுமா, பாஸ்?

ஃபர்ஸ்ட் இயர் கெமிஸ்ட்ரி லேப் ஞாபகம் இருக்கா? பியூரெட்டில் ஈ.டி.டி.ஏ., கீழே ஃபிளாஸ்க்கில் உப்புத் தண்ணீர். ரெண்டு சொட்டு எரியோகுரோம் பிளாக்-டி விட்டதும் ஒயின் சிவப்பு. அப்புறம் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே வந்தால், ஏதோ ஒரு சொட்டில் சட்டென்று ஸ்டீல் நீலம்! அந்த ஒரு சொட்டைக் கோட்டைவிட்டு, பக்கத்து டேபிள் ரீடிங்கை எட்டிப் பார்த்து எழுதாதவர்கள் யாராவது இருந்தால் கை தூக்குங்கள். நான் தூக்கவில்லை.

நான் மெக்கானிக்கல். கெமிஸ்ட்ரிக்கும் எனக்கும் இருந்த பழக்கம் அந்த லேப் எக்ஸாமோடு முடிந்தது என்று நிம்மதியாக இருந்தேன். ரெண்டு வருஷம் கழித்து ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் அது திரும்ப வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

பெரியப்பாவுக்கு பெட் ஸ்கேன். துணைக்கு நான். வெறும் வயிற்றோடு வரச் சொன்னதால், காலை 7 மணிக்கே போய் உட்கார்ந்தாச்சு. "ஏண்டா, காப்பிகூடக் குடிக்கக் கூடாதாமா?" என்று 9 மணிக்கு முதல் தடவை கேட்டார். 10 மணிக்கு ரெண்டாவது தடவை. ஊசி மருந்து வெளியூரிலிருந்து வேனில் வர வேண்டும், வேன் டிராஃபிக்கில் நிற்கிறது என்றார்கள். வந்து சேர்ந்தபோது மணி 11.30.

"பாதி டோஸ் வழியிலேயே போயிடுச்சு தம்பி. இருக்கறது மூணு பேருக்குத்தான் வரும்" என்றார் டெக்னீஷியன் அண்ணன். பெரியப்பா நாலாவது ஆள். மறுநாள் திரும்பவும் அதே வராந்தா, அதே வெறும் வயிறு.

மருந்து எப்படி வழியில் 'போகும்'? ஐஸ்கிரீமா உருக? விசாரித்தால், ஏறக்குறைய அப்படித்தான். அந்த ஊசியில் இருப்பது எஃப்.டி.ஜி. என்கிற சர்க்கரை மாதிரியான மூலக்கூறு. அதில் ஃப்ளோரின்-18 என்ற கதிரியக்க அணுவை ஒட்டவைத்திருப்பார்கள். அதன் அரை ஆயுள் 110 நிமிடம். அதாவது, 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதி காலி. வேன் ஒரு சிக்னலில் நின்றால் மருந்துக்கு வயசாகிறது!

"கொஞ்சம் தாக்குப் பிடிக்கிற ஐட்டமே கிடையாதாண்ணே?"

"காப்பர்-64னு ஒண்ணு இருக்கு. பன்னண்டு மணி நேரத்துக்கு மேல நிக்கும். நம்மகிட்ட இல்லை. ஆனா, அதைக் கட்டிப் போடறதுதான் பெரிய தலைவலின்னு படிச்ச காலத்துல சொல்வாங்க."

கட்டிப் போடுவதா? செம்பு என்ன, பக்கத்து வீட்டு நாயா? அந்தக் கேள்விதான் என்னை லைப்ரரி பக்கம் இழுத்துப் போனது. போன இடத்தில் கிடைத்ததுதான் இந்தக் கதை.

பெரியப்பாவின் சந்தேகம்

முதலில் பெட் ஸ்கேன் எப்படிப் படம் பிடிக்கிறது என்று பார்த்துவிடலாம். சில கதிரியக்க அணுக்கள் உடையும்போது பாசிட்ரான் என்ற துகளை வெளியே விடும். எலெக்ட்ரானுக்கு அப்படியே எதிர்மாறான ஆசாமி. அது பக்கத்தில் இருக்கிற ஏதாவது ஓர் எலெக்ட்ரானோடு மோதி, ரெண்டும் சேர்ந்து காணாமல் போகும். போகிற போக்கில் ரெண்டு காமா கதிர்களை நேர் எதிர் திசைகளில் அனுப்பிவிட்டுப் போகும். சுற்றிலும் வளையமாக நிற்கும் கருவி, ஒரே நேரத்தில் வந்த அந்த ஜோடியைப் பிடித்துக் கோடு போட்டு, 'இந்தக் கோட்டில்தான் எங்கேயோ நடந்திருக்கு' என்று குறித்துக்கொள்ளும். லட்சக்கணக்கான கோடுகள் சேர்ந்தால் படம்.

காப்பர்-64 இந்த வேலையைச் செய்யும். அரை ஆயுள் 12.7 மணி நேரம். காலையில் ஓர் ஊரில் தயார் செய்து, சாயங்காலம் இன்னோர் ஊரில் ஊசி போடலாம். இதைத் தயாரிக்க நிக்கல்-64 வேண்டும். இயற்கை நிக்கலில் அது 100-க்கு 1 பங்குகூடக் கிடையாது, அதனால் பிரித்தெடுத்த நிக்கல்-64 ரொம்பக் காஸ்ட்லி. அதைத் தங்கத் தகட்டின் மேல் மெல்லிய பூச்சாகப் பூசி, சைக்ளோட்ரானில் புரோட்டான்களை விட்டு அடித்தால் காப்பர்-64. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகம் 1990-களில் இந்த முறையைச் சீராக்கியது. இதில் ஒரு வேடிக்கை... இப்படிப் பிறக்கும் காப்பர்-64 அணுக்களில் 100-க்கு 60-க்கும் மேல் கடைசியில் உடைந்து திரும்ப நிக்கல்-64 ஆகவே மாறிவிடுகின்றன! மிச்சம் துத்தநாகமாகிவிடும். பாசிட்ரானைக் கொடுப்பது 100-க்கு 17, 18 அணுக்கள்தான். அது போதும் படத்துக்கு.

இதையெல்லாம் வீட்டில் அளந்துவிட்டுக்கொண்டிருந்தபோது பெரியப்பா குறுக்கே வந்தார். "நான் தினம் செம்புப் பாத்திரத்துலதான் தண்ணி குடிக்கிறேன். எனக்கு எதுக்குடா ஊசியில வேற செம்பு?"

சிரித்துவிட்டேன். ஆனால் அவர் கேட்டதில்தான் மொத்தப் பிரச்னையும் இருக்கிறது. செம்பு உடம்புக்குப் புதுசு இல்லை. ஒரு பெரியவர் உடம்பில் சுமார் 100 மில்லிகிராம் செம்பு இருக்கிறது. அதை வாங்க, சுமக்க, சேர்த்துவைக்க, வெளியேற்ற உடம்பில் தனித்தனிப் புரதங்கள் உண்டு. செம்பைச் சும்மா சுற்றவிட்டால் செல்லுக்குள் கலாட்டா செய்யும் என்பதால் கண்காணிப்பு பயங்கரம். ஈஸ்ட் செல்லை வைத்து 1999-ல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு செல்லுக்குள் யார் பிடியிலும் இல்லாமல் திரிகிற செம்பு அயனி சராசரியாக ஒன்றுகூட இல்லை என்று கணக்குச் சொன்னது. நம்ம காலேஜில் கிளாஸ் நேரத்தில் கேன்டீனில் ஒருத்தன்கூட இல்லை என்பது மாதிரி. நம்ப முடிகிறதா?

இப்போது ஊசியில் போகிற செம்பு எவ்வளவு என்று பாருங்கள். ஒரு ஸ்கேனுக்கு 148 மெகாபெக்கரல் என்று வையுங்கள். பிளஸ் டூ ஃபார்முலாவில் போட்டால் சுமார் 1 நானோகிராம் வருகிறது. உடம்பில் ஏற்கெனவே இருக்கிற செம்பு அதைவிடப் பத்துக் கோடி மடங்கு! இந்தத் துளியூண்டு கதிரியக்கச் செம்பு நேராகக் கட்டிக்குப் போக வேண்டும். நடுவழியில் அவிழ்ந்து விழுந்தால், ரத்தத்தில் இருக்கும் அல்புமின் அதைக் கொத்திக்கொண்டு போய்க் கல்லீரலில் சேர்த்துவிடும். உடம்பைப் பொறுத்தவரை 'வந்துட்டியாப்பா' என்று வரவேற்கப்படும் இன்னொரு செம்பு, அவ்வளவுதான்.

சேரட்டுமே, என்ன போச்சு? போச்சு பாஸ். ஸ்கேனில் கல்லீரல் ஜெகஜ்ஜோதியாகத் தெரியும். நியூரோ எண்டோகிரைன் என்று ஒரு வகைக் கட்டி இருக்கிறது. ஆப்பிள் கம்பெனியின் ஸ்டீவ் ஜாப்ஸுக்கு 2003-ல் கணையத்தில் கண்டுபிடிக்கப்பட்டது இந்த வகைதான். 2009-ல் அவருக்குக் கல்லீரல் மாற்று அறுவைச் சிகிச்சை நடந்தது, 2011-ல் இறந்தார். இந்த வகைக் கட்டி பரவ ஆரம்பித்தால் பெரும்பாலும் முதலில் தேடிப் போகிற இடமே கல்லீரல். அங்கே சின்னதாக ஒரு புள்ளி இருக்கிறதா என்று டாக்டர் தேடும்போது, அவிழ்ந்து விழுந்த செம்பு கல்லீரல் முழுக்க விளக்குப் போட்டுவைத்தால்? புள்ளி அந்த வெளிச்சத்தில் மூழ்கிவிடும். தேவையில்லாத கதிர்வீச்சு வேறு.

எஃப்.டி.ஜி.யில் இந்தத் தொல்லை இல்லை. ஃப்ளோரின் அணு சர்க்கரையின் கார்பனோடு நேரடியாகப் பிணைந்திருக்கிறது. செம்பு உலோக அயனி. அதை அப்படி ஒட்டவைக்க முடியாது. சுற்றி ஒரு பை தைத்துத்தான் உள்ளே வைக்க வேண்டும்.

22 ஸீரோ போட்டும் பத்தலை!

"இதுக்கா இவ்ளோ பில்டப்? நம்ம ஈ.டி.டி.ஏ. இருக்கே!" என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. உலோகத்தை நாலாபக்கமும் கொடுக்கு போட்டுப் பிடிப்பதுதானே அதன் தொழில்? நம்ம பாடப் புத்தகத்திலேயே 'கொடுக்கு இணைப்பு' என்று அழகாகப் போட்டிருக்கிறார்கள். 1920-ல் மார்கன், ட்ரூ என்ற ரெண்டு பேர் 'கீலேட்' என்ற சொல்லை உருவாக்கியபோது எடுத்ததும் நண்டின் கொடுக்குக்கான கிரேக்கச் சொல்லைத்தான்.

லேப் ரெக்கார்டைத் தேடி எடுத்தேன். செம்போடு ஈ.டி.டி.ஏ.யின் நிலைப்பு மாறிலி, லாக் கணக்கில் 18.8. கால்சியத்துக்கு 10.7-தான். அதாவது, கால்சியத்தைவிடச் செம்பை நூறு மில்லியன் மடங்கு இறுக்கமாகப் பிடிக்கும். இதைவிடப் பெரிய கொடுக்கு, 'டோட்டா' என்ற வளைய மூலக்கூறு. ஜெர்மனியில் ஸ்டெட்டர், ஃபிராங்க் இருவரும் 1976-ல் வெளியிட்டது. நாலு நைட்ரஜன் கொண்ட வளையம், அதிலிருந்து தொங்கும் நாலு கைகள். செம்போடு லாக் மதிப்பு 22-ஐ ஒட்டி வரும். ஒன்றுக்குப் பின்னால் 22 ஸீரோ! அதன் தம்பி மாதிரி, வளையம் கொஞ்சம் பெரிசான 'டெட்டா'வுக்கும் கிட்டத்தட்ட அதே மதிப்பு.

ஆனால் உடம்புக்குள் அனுப்பினால் ரெண்டுமே செம்பை நழுவவிட்டன. டெட்டாவில் கட்டிய காப்பர்-64-ஐ எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள் செயின்ட் லூயிஸில் கரோலின் ஆண்டர்சன் குழுவினர். 4 மணி நேரம் கழித்து, எலியின் கல்லீரலில் இருந்த காப்பர்-64-ல் சுமார் 75 சதவிகிதம் புரதங்களிடம் போய்ச் சேர்ந்திருந்தது. முக்கியமாகப் பிடுங்கிக்கொண்டது சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்ற நொதி.

22 ஸீரோ இருந்தும் ஏன் இந்த அவமானம்? இந்த இடத்தில் நான் ரெண்டு நாள் மாட்டிக்கொண்டு நின்றேன். கடைசியில் எங்கள் கெமிஸ்ட்ரி மேடத்தைப் போய்ப் பார்த்தேன். மூணாவது வருஷ மெக்கானிக்கல் பையன் சந்தேகம் கேட்டு வந்ததில் அவருக்கே கொஞ்சம் அதிர்ச்சி.

"லாக் கே என்ன சொல்லுது? எல்லாம் அடங்கி ஒரு நிலைக்கு வந்தப்புறம் செம்பு எங்கே இருக்கப் பிரியப்படும்னு சொல்லுது. எவ்வளவு நேரத்துல வெளியே வரும்னு அது சொல்லவே சொல்லாது. ரெண்டும் வேற வேற கேள்விப்பா."

விடுதிக்குத் திரும்புகிற டவுன் பஸ்ஸில் நிற்கும்போதுதான் எனக்கு அது விளங்கியது. ஃபுட்போர்டில் தொங்குகிறவன் கம்பியை உயிரைக் கொடுத்துப் பிடித்திருக்கிறான். பிடியில் ஒரு குறையும் இல்லை. ஆனால் எந்த ஸ்டாப்பிலும் அவன் பாட்டுக்கு இறங்கிவிடலாம். கடைசி வரிசை ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் தாத்தா எதையுமே பிடிக்கவில்லை, கூடையை மடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறார். கூட்ட நேரத்தில் அவரால் நினைத்தாலும் இறங்க முடியாது! பிடி வேறு, வழி வேறு.

செம்பு அயனி பிறவியிலேயே ஃபுட்போர்டு கேஸ். தண்ணீரில் விட்டால் அதைச் சுற்றி நிற்கும் தண்ணீர் மூலக்கூறுகள் ஒரு நொடிக்கு நூறு கோடி தடவைக்கும் மேல் மாறிக்கொண்டே இருக்கும். குரோமியம் அயனியில் அதே மாற்றம் ஒரு தடவை நடக்க நாள்கணக்கில் ஆகும். டோட்டாவின் கைகளும் வளையமும் வளைந்து கொடுக்கக் கூடியவை. ஒரு கை விடும், திரும்பப் பிடிக்கும், இன்னொரு கை விடும். குடுவைக்குள் இதனால் ஒரு நஷ்டமும் இல்லை. ரத்தத்தில் அப்படி இல்லை. கை விட்ட அந்தக் கணத்துக்காகப் புரதங்கள் வரிசையில் காத்திருக்கின்றன. ஆக, வேண்டியது இன்னும் பலமான கொடுக்கு இல்லை. ஒரு கை விட்டாலும் மற்றவை அசையாத, வெளியே வர வழியில்லாத கூண்டு.

பாலம் போட்டவர்கள்

அந்தக் கூண்டு வந்த இடம் கேன்சர் ஆஸ்பத்திரி இல்லை. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தில் கேரி வைஸ்மன், எட்வர்ட் வாங் என்று ரெண்டு வேதியியலாளர்கள். 'சைக்ளம்' என்ற 14 அணு வளையம் ரொம்ப நாளாக எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதில் நாலு நைட்ரஜன். இவர்கள் எதிரெதிரே இருக்கும் ரெண்டு நைட்ரஜன்களுக்கு நடுவில் ரெண்டு கார்பன் நீளத்துக்கு ஒரு பாலம் போட்டார்கள். தட்டையாகக் கிடந்த வளையம், பாலம் போட்டதும் மடங்கிப் பிளவு மாதிரி ஆனது. உள்ளே ஓர் அயனி உட்காரலாம். 1990-ல் வெளியான கட்டுரையில் அவர்கள் ஆராய்ந்தது புரோட்டானும் லித்தியமும் அந்தப் பிளவில் எப்படி உட்காருகின்றன என்பதைத்தான். மருந்து, ஸ்கேன் என்று ஒரு பேச்சும் இல்லை. சும்மா அந்த வடிவத்தின் மேல் ஓர் ஆசை! (நம்ம புராஜெக்ட் ரிவ்யூவில் இப்படி ஒரு காரணம் சொன்னால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பார்த்தேன்.)

பிறகு அந்தப் பாலம் போட்ட வளையத்தில் ரெண்டு அசிட்டேட் கைகளைச் சேர்த்தார்கள். பைக் நம்பர் பிளேட் மாதிரி ஒரு பெயர்: சிபி-டிஇ2ஏ. செம்பு நாலு நைட்ரஜனுக்கு நடுவே உட்கார, ரெண்டு கைகளும் மூடி மாதிரி மேலே வந்து அடைத்துக்கொள்ளும்.

எவ்வளவு தாங்குகிறது என்று பார்க்க அவர்கள் வைத்த பரீட்சை கொடூரம். 5 மோலார் ஹைட்ரோகுளோரிக் ஆசிட், 90 டிகிரி சூடு, உள்ளே போடு! பாதி மூலக்கூறுகள் செம்பை விடுவதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது? டோட்டா 3 நிமிடம்கூடத் தாங்கவில்லை. டெட்டா நாலரை நிமிடம். பாலம் மட்டும் போட்டு, கைகள் சேர்க்காத வளையம் சுமார் 12 நிமிடம். பாலமும் கைகளும் சேர்ந்த சிபி-டிஇ2ஏ 154 மணி நேரம்! ஆறு நாளைக்கும் மேல். 12 நிமிடத்துக்கும் ஆறு நாளுக்கும் நடுவில் இருப்பது வெறும் ரெண்டு கைகள். எனக்கு இந்த வரிசையில் பிடித்ததே அந்த 12 நிமிடம்தான். பாலம் மட்டும் போதும் என்று யாராவது அங்கேயே நிறுத்தியிருந்தால் கதை முடிந்திருக்கும்.

ஆசிட் குடுவை வேறு, உடம்பு வேறு. அதனால் எலியிலும் பார்த்தார்கள். டெட்டாவில் 75 சதவிகிதம் நழுவிய அதே 4 மணி நேரத்தில், இதில் நழுவியது சுமார் 13 சதவிகிதம்.

'அப்புறம் என்ன, ஆளுக்கொரு ஊசி போடலாமே!' என்கிறீர்களா? இறங்க முடியாத பஸ்ஸில் ஏறுவது மட்டும் சுலபமா என்ன? இந்தக் கூண்டுக்குள் செம்பைத் தள்ள 95 டிகிரியில் ஒரு மணி நேரம் போல வேகவைக்க வேண்டியிருந்தது. சின்னப் பெப்டைடுகள் அந்தச் சூட்டைத் தாங்கிவிடும். ஆனால் கட்டியைத் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடி ஒரு புரதம். முட்டையைக் கொதிக்கவைத்தால் என்ன ஆகுமோ, அதே கதி. கொடுமை என்னவென்றால், கட்டியிடம் போய்ச் சேர ஒரு நாள், ரெண்டு நாள் எடுத்துக்கொள்ளும் ஆன்டிபாடிகளுக்குத்தான் கசியாத கூண்டு அதிகமாகத் தேவை! பின்னால் ஓர் அசிட்டேட் கையை எடுத்துவிட்டு பாஸ்பனேட் கையை வைத்தபோது, அறை வெப்பத்திலேயே செம்பு உள்ளே போனது. ஒரே ஒரு கை மாற்றம். அதைக் கண்டுபிடிக்கத்தான் வருஷங்கள்.

கல்லறை வாங்கலையோ கல்லறை!

இதே பிரச்னைக்கு இன்னொரு விடை பூமியின் அடுத்த பக்கத்தில் ஏற்கெனவே தயாராக இருந்தது, கேட்க ஆளில்லாமல். ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஆலன் சார்ஜசன் என்ற வேதியியலாளர். அவர் கூண்டு செய்து, பிறகு உலோகத்தை உள்ளே அனுப்பவில்லை. கோபால்ட் அயனியை நடுவில் உட்காரவைத்து, அதைச் சுற்றியே கூண்டைக் கட்டினார். மேலும் கீழும் அடைக்க அவர் பயன்படுத்தியது ஃபார்மால்டிஹைடும் அம்மோனியாவும். நம்ம லேப் அலமாரியில் தூசி படிந்து நிற்கும் அதே பாட்டில்கள்! 1977-ல் வெளியான அந்தக் கூண்டுக்கு 'செபல்கரேட்' என்று பெயர், கல்லறை என்ற பொருளில். அடுத்து வந்த கூண்டுக்கு 'சார்கோஃபஜீன்', கல் சவப்பெட்டி என்ற சொல்லிலிருந்து. உள்ளே போன உலோகம் போனதுதான் என்று காட்டுவதற்கு இதைவிடப் பொருத்தமாகப் பெயர் வைக்க முடியாது. குசும்பு பிடித்த மனிதர்.

இந்தச் சவப்பெட்டியில் ஆறு நைட்ரஜன்கள். அந்த ஆசிட் பரீட்சையில் இந்தக் குடும்பத்து 'டைஆம்சார்' 40 மணி நேரம் தாங்கியது. சிபி-டிஇ2ஏ அளவுக்கு இல்லை. ஆனால் இதில் செம்பு அறை வெப்பத்திலேயே சில நிமிடங்களில் உள்ளே போய்விடுகிறது. தாத்தா முன்பக்கமாகச் சுலபமாக ஏறி, உள்ளே மாட்டிக்கொள்கிற பஸ்! ஆசிட் மார்க்கை மட்டும் பார்த்து ரேங்க் போட்டிருந்தால் இது ரெண்டாவது இடம். மருந்து தயாரிக்கிற ஆளைக் கேட்டால் முதல் இடம்.

2008-ல் சார்ஜசன் இறந்தார். மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் பால் டோனலி குழுவினர் அந்தக் கூண்டை எடுத்து, நியூரோ எண்டோகிரைன் கட்டியின் மேல்புறத்தில் இருக்கும் ஏற்பிகளில் போய் ஒட்டிக்கொள்ளும் ஒரு பெப்டைடோடு இணைத்தார்கள். பெயர் 'சார்டேட்'. மெல்பர்னில் இந்தக் கட்டி உள்ள 10 பேருக்குக் கொடுத்துப் பார்த்த முடிவு 2019-ல் வெளியானது. ஊசி போட்டு 24 மணி நேரம் வரைக்கும் படம் எடுத்தார்கள். எஃப்.டி.ஜி. அதற்குள் ஆவியாகியிருக்கும்! நேரம் போகப் போகக் கல்லீரல் மங்க, கட்டி மட்டும் தனியாகத் தெரிந்தது. வேண்டியது அதுதானே?

கடைசியில் ஜெயிச்சது யாரு?

இதுவரைக்கும் படித்த நீங்கள், அமெரிக்க அரசின் மருந்து அனுமதி முதலில் கிடைத்த காப்பர்-64 ஊசியில் என்ன கூண்டு இருந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? பாலமா, சவப்பெட்டியா?

ரெண்டும் இல்லை. டோட்டா! 3 நிமிடத்தில் அவுட்டான அதே டோட்டா!

படித்தபோது எனக்குக் கோபமே வந்தது. இத்தனை பேர் இத்தனை வருஷம் எதற்கு உழைத்தார்கள்? அப்புறம் விவரம் பார்த்தால், விஷயம் புரிந்தது. அந்த மருந்து காப்பர்-64 டோட்டாடேட், வியாபாரப் பெயர் 'டிடெக்ட்நெட்'. 2020 செப்டம்பரில் அனுமதி. இதைக் கோபன்ஹேகனில் ஆண்ட்ரியாஸ் கேயர் குழுவினர் 2012-ல் 14 பேரிடமும், 2015-ல் 112 பேரிடமும் சோதித்திருந்தார்கள். ஊசி போட்டு சுமார் ஒரு மணி நேரத்தில் படம் எடுத்து முடித்துவிடுவார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்குள் மருந்து கட்டியில் போய் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டாத மிச்சத்தில் பெரும்பகுதியைச் சிறுநீரகம் வெளியேற்றுகிறது. டோட்டா கசியும்தான், ஆனால் கசிவு தொல்லை கொடுக்கும் முன்பே ஃபோட்டோ எடுத்தாச்சு. தவிர, டோட்டாடேட் டாக்டர்களுக்குப் பழகிய பண்டம். கேலியத்தோடு 2016-லும், லுட்டீசியத்தோடு 2018-லும் அமெரிக்காவில் அனுமதி வாங்கியிருந்தது. அடுத்த ஸ்டாப்பில் இறங்குகிறவனுக்கு ஃபுட்போர்டே போதும் என்று விட்டுவிட்டார்கள்.

கசிவே வேண்டும் என்கிற ஆளும் உண்டு. ஜப்பானில் ஃபுஜிபயாஷி குழுவினர் 1997-ல் வெளியிட்ட 'ஏ.டி.எஸ்.எம்.' என்ற மூலக்கூறு, செம்பைச் சுமந்துகொண்டு செல்களுக்குள் நுழையும். ஆக்ஸிஜன் குறைந்த செல் என்றால் செம்பை அங்கேயே இறக்கிவிடும். ஆக்ஸிஜன் இருந்தால் திரும்ப எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். கட்டியின் எந்தப் பகுதி மூச்சுத் திணறுகிறது என்று அதை வைத்துப் படம் எடுக்கலாம். ஆக, 'எது நல்ல கூண்டு' என்று மேடத்திடம் கேட்டால் என்ன பதில் வரும் என்று இப்போது எனக்கே தெரியும். "எவ்வளவு நேரத்துக்குப்பா?"

அந்த நேரக் கணக்கு நீளப்போவது காப்பர்-67-ல். காப்பர்-64-க்கு அண்ணன். அரை ஆயுள் 61.8 மணி நேரம், ரெண்டரை நாள். இது படம் எடுக்க வந்தவன் இல்லை. பீட்டா துகள்களை விட்டுக் கட்டியை அடிக்கிறவன். வேதியியல் ரீதியில் ரெண்டும் ஒரே செம்பு என்பதால், ஒரே கூண்டு ரெண்டுக்கும் பொருந்தும். முதலில் 64-ஐப் போட்டு எங்கே போகிறது என்று பார்க்கலாம். சரியான இடத்துக்குப் போனால், அதே மூலக்கூறில் 67-ஐ வைத்து அனுப்பலாம். ஆனால் இங்கே கசிந்தால் கெடுவது ஃபோட்டோ மட்டும் இல்லை. நாள்கணக்கில் கல்லீரலில் உட்கார்ந்து அதையே சுடும். டோட்டாவின் ஒரு மணி நேரச் சலுகை இந்த ஆட்டத்தில் செல்லாது. சார்டேட்டின் 64, 67 ஜோடியைக் குழந்தைகளைத் தாக்கும் நியூரோபிளாஸ்டோமா என்ற புற்றுநோய்க்காக அமெரிக்காவில் சோதனைக்கு எடுத்ததற்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான். கல்லறை என்று சிரிக்கச் சிரிக்கப் பெயர் வைத்த கூண்டு, கடைசியில் குழந்தைகள் வார்டுக்குள் போயிருக்கிறது.

இதையெல்லாம் எழுதி முடித்துப் பெரியப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். ஃபுட்போர்டு இடத்தில் மட்டும், "நீ அதுலதான் காலேஜ் போறியா?" என்று முறைத்தார்.

அவருக்கு அடுத்த ஸ்கேன் ஜனவரியில். பழைய எஃப்.டி.ஜி.யேதான். "வேனை விடியக்காலம் நாலு மணிக்கே கிளம்பச் சொல்லிடுடா, காப்பி குடிக்காம என்னால முடியாது" என்று இப்போதே உத்தரவு போட்டுவிட்டார்.